சிவிஜே அனாமலி: கழுத்தோட மேல் எலும்புகள்லயும் மண்டையோட்டு அடியிலயும் வர்ற பிறவிக் குறைபாடுகள், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்கேன் ரிப்போர்ட்ட கையில வச்சுகிட்டு "அட்லஸ் அசிமிலேஷன்னு போட்ருக்கு, பேசிலர் இன்வேஜினேஷன்னு போட்ருக்கு, உயிருக்கு ஆபத்தா"ன்னு கேக்குறவங்களுக்காக இத எழுதுறேன். நான் டாக்டர் இல்ல. என் தம்பிக்கு இதே பிரச்சனை வந்து ஆபரேஷன் வரைக்கும் கூடவே இருந்தவ, அப்ப கேட்டுத் தெரிஞ்சுகிட்டதும் அதுக்கப்புறம் படிச்சதும்தான் இதுல இருக்கு. உங்களுக்கு என்ன பண்ணணும்னு உங்க ஸ்கேன பாத்த டாக்டர்தான் சொல்ல முடியும், ஆனா அவர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுட்டு போக இது உதவும்.

சிவிஜேன்னா உடம்புல எந்த இடம்?

கிரேனியோவெர்டிப்ரல் ஜங்ஷன்கிறதோட சுருக்கம்தான் சிவிஜே, மண்டையோடு முடிஞ்சு கழுத்து ஆரம்பிக்கிற இடம். மண்டையோட்டுக்கு அடியில சுமார் மூணரை சென்டிமீட்டர் நீளத்துல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, ஃபொராமென் மேக்னம்னு ரிப்போர்ட்ல வரும், மூளைல இருந்து தண்டுவடம் அது வழியாதான் கீழ இறங்குது. அதுக்கு கீழ முதல் கழுத்தெலும்பு சி1, அதாவது அட்லஸ். அதுக்கும் கீழ ரெண்டாவது எலும்பு சி2, ஆக்சிஸ். இந்த ரெண்டும் மத்த கழுத்தெலும்புங்க மாதிரி கிடையாது. சி1 வெறும் வளையம். சி2ல இருந்து ஓடன்டாய்ட்னு ஒரு முளை மேல எழும்பி, மோதிரத்துக்குள்ள விரல் நுழைஞ்ச மாதிரி அந்த வளையத்தோட முன்பக்கத்துல போய் நிக்கும். அது பின்னாடி நகந்து தண்டுவடத்துல இடிச்சிராம இருக்க குறுக்கால ஒரு தடிமனான தசைநார் புடிச்சு வச்சிருக்கு.

நாம தலைய ஆட்டி ஆமான்னு சொல்றது பெரும்பாலும் மண்டையோட்டுக்கும் சி1க்கும் நடுவுல நடக்குது, தலைய பக்கவாட்டுல திருப்புறதுல கிட்டத்தட்ட பாதி சி1க்கும் சி2க்கும் நடுவுல நடக்குது. இவ்ளோ அசைவு இருக்குற ஒரே இடத்துல மூச்சு, முழுங்குறது, ரெண்டு கை, ரெண்டு கால் எல்லாத்துக்கும் போற நரம்பு மொத்தமும் ஓடுது, அதனாலதான் இந்த இடத்துல பிரச்சனைன்னா டாக்டருங்க ரொம்ப சீரியஸா எடுத்துக்கறாங்க. இன்னொன்னும் தெரிஞ்சுக்கோங்க. சி1 வளையத்துக்குள்ள இருக்குற இடத்துல மூணுல ஒரு பங்கு ஓடன்டாய்ட், மூணுல ஒரு பங்கு தண்டுவடம், மீதி ஒரு பங்கு காலியிடம். 1968ல ஸ்டீல்ங்கிற டாக்டர் சொன்ன கணக்கு இது. அந்த காலியிடம் இருக்குறதாலதான் கொஞ்சம் நகந்தாலும் உடனே ஒண்ணும் ஆகறதில்ல, அது தீர்ந்து போனப்புறம்தான் தொல்லை ஆரம்பிக்குது.

என்னென்ன வகை குறைபாடு வரும்?

ரிப்போர்ட்ல வர்ற பேரு நிறைய, ஒருத்தருக்கே ரெண்டு மூணு சேந்து இருக்கறது சகஜம், அதனால ஒவ்வொண்ணையும் தனித்தனி வியாதின்னு எண்ணி பயந்துக்க வேணாம்.

சி1 எலும்பு முழுசாவோ பாதியாவோ மண்டையோட்டோட ஒட்டியே இருந்தா அதுதான் அட்லஸ் அசிமிலேஷன், சில ரிப்போர்ட்ல ஆக்சிபிடலைசேஷன்னு இருக்கும். இது மட்டும் இருந்தா பல பேருக்கு வாழ்நாள் முழுக்க தெரியவே தெரியாது. ஆனா இதோட சேந்து சி2வும் சி3யும் கூட ஒட்டியிருந்தா மேலயும் அசைவு இல்ல கீழயும் அசைவு இல்ல, மொத்த பாரமும் நடுவுல இருக்குற சி1-சி2 மூட்டு மேல விழுது, வருஷக்கணக்குல அந்த மூட்டு தளந்து நகர ஆரம்பிக்கும். அப்படி நகந்ததுதான் அட்லான்டோ ஆக்சியல் டிஸ்லொகேஷன், சுருக்கமா ஏஏடி. என்னை கேட்டா இந்த லிஸ்ட்லயே ரொம்ப கவனிக்க வேண்டியது இதுதான்.

ஓடன்டாய்ட் முளை சரியா வளராம குட்டையா இருக்கலாம், இல்ல கீழ் எலும்போட ஒட்டாம தனி துண்டா நிக்கலாம். தனி துண்டா இருந்தா ஆஸ் ஓடன்டாய்டியம்னு சொல்வாங்க. இது பிறவிலயே வர்றதா இல்ல சின்ன வயசுல அடிபட்டு உடைஞ்சது சேராம போனதான்னு இன்னும் விவாதம் இருக்கு, ரெண்டுக்கும் ஆதாரம் இருக்கு. எதுவா இருந்தாலும் வைத்தியம் ஒண்ணுதான், அதனால "எப்ப விழுந்தான், எங்க விழுந்தான்"னு வீட்ல பழைய கதைய தோண்டி ஒருத்தர ஒருத்தர் குத்தம் சொல்லிக்காதீங்க.

பேசிலர் இன்வேஜினேஷன்னா ஓடன்டாய்ட் மேல ஏறி ஃபொராமென் மேக்னம் பக்கமாவோ அதுக்குள்ளயோ போய் மூளைத்தண்ட நெருக்குறது. பிளாட்டிபேசியா இதுகூட வரும், மண்டையோட்டு அடி தட்டையா இருக்குன்னு அர்த்தம், அது தனியா எந்த தொந்தரவும் குடுக்காது.

கியாரி மால்ஃபார்மேஷன், இது எலும்ப விட மூளை சம்பந்தப்பட்டது, ஆனா இதே இடத்துலதான் வருது. சிறுமூளையோட அடி நுனி ஃபொராமென் மேக்னம் வழியா கீழ இறங்கியிருக்கும். அந்த நுனிக்கு ரிப்போர்ட்ல டான்சில்னுதான் போடுவாங்க, தொண்டை டான்சில் இல்ல அது. 1891ல ஹான்ஸ் கியாரிங்கிற நோயியல் டாக்டர் விவரமா எழுதினதால அவர் பேரு. இந்த அடைப்பால மூளை நீரோட்டம் தடைபட்டு தண்டுவடத்துக்குள்ளயே நீர்க்குழி உருவாகலாம், அதான் சிரிங்ஸ், சிரிங்கோமைலியா.

கிளிப்பல் ஃபைல் சிண்ட்ரோம், 1912ல கிளிப்பல், ஃபைல்னு ரெண்டு பிரெஞ்சு டாக்டருங்க எழுதினது. பிறவிலயே ரெண்டோ அதுக்கு மேலயோ கழுத்தெலும்பு ஒட்டியிருக்கும். குட்டையான கழுத்து, பின்னந்தலைல முடி ரொம்ப கீழ வரைக்கும் இறங்கியிருக்கறது, கழுத்து அசைவு கம்மி, இந்த மூணும்தான் அடையாளம்னு சொல்வாங்க ஆனா மூணும் சேந்து இருக்கறவங்க பாதிக்கும் கம்மி.

சி1 வளையத்துல பின்பக்கம் சின்ன இடைவெளி இருக்குன்னு வந்தா பெரும்பாலும் கவலைப்பட ஒண்ணுமில்ல, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலா தெரியற விஷயம் அது.

இது ஏன் வருது, கர்ப்பத்துல அம்மா ஏதாவது தப்பு பண்ணிட்டாங்களா?

இல்ல. கர்ப்பம்னு தெரிஞ்ச புதுசுல, முதல் ரெண்டு மாசத்துக்குள்ளயே இந்த எலும்புங்களோட அமைப்பு முடிவாயிடுது. கருவுல முதுகோரமா வரிசையா சின்னச் சின்ன திசுக் கட்டிங்க உருவாகும், மேல இருக்குற நாலு சேந்து மண்டையோட்டோட அடிப்பகுதி ஆகும், அதுக்கு கீழ இருக்கறது பிரிஞ்சு மறுபடி சேந்து கழுத்தெலும்பு ஆகும். நாலாவது கட்டில இருந்து ஓடன்டாய்டோட நுனி வருது, ஓடன்டாய்டோட உடம்பு நியாயப்படி சி1க்கு சேர வேண்டியது, அது சி2வோட போய் ஒட்டிக்குது. இவ்ளோ சிக்கலான பிரிப்பும் சேர்ப்பும் ஒரே இடத்துல நடக்கறதால பிசகறதுக்கும் வாய்ப்பு ஜாஸ்தி. பிரிய வேண்டியது பிரியலைன்னா ஒட்டின எலும்பு, சேர வேண்டியது சேரலைன்னா தனி துண்டு.

அம்மா சாப்பிட்டது, தூக்கினது, தூங்கினது எதுவும் இதுக்கு காரணம் இல்ல. பெரும்பாலானது குடும்பத்துல யாருக்கும் இல்லாம தனியா வர்றதுதான், கிளிப்பல் ஃபைல்ல மட்டும் சில குடும்பங்கள்ல ஜிடிஎஃப்6, எம்இஓஎக்ஸ்1 மாதிரி மரபணு மாற்றம் கண்டுபிடிச்சிருக்காங்க. டவுன் சிண்ட்ரோம், அகாண்ட்ரோபிளேசியா (கை கால் குட்டையா வளர்ற எலும்புக் குறைபாடு), மார்க்கியோ (எலும்ப பாதிக்கிற ஒரு பரம்பரை நோய்) மாதிரி பெரிய சிண்ட்ரோமோட ஒரு பகுதியாவும் வரும், அப்ப ஜெனிடிக் கவுன்சிலிங் போறது நல்லது.

பிறவிக் குறைபாடுன்னா இத்தனை வருஷம் ஏன் தெரியல? இவருக்கு 28 வயசாச்சே?

எல்லாரும் கேக்குற கேள்வி இது. எலும்பு அமைப்பு பிறவிலயே தப்பா இருக்கும், ஆனா அறிகுறி இருபது முப்பது வயசுல வர்றது ரொம்ப சாதாரணம். தசைநார் மெல்ல மெல்ல தளரும், மூட்டு தேயும், தண்டுவடமும் மெதுவா வர்ற அழுத்தத்த ரொம்ப நாள் தாங்கிட்டு இருக்கும். ஒருநாள் பைக்ல இருந்து லேசா விழுறது, படில வழுக்குறது, மத்தவங்களுக்கு ஒண்ணுமே ஆகாத ஒரு சின்ன அடி, அதுக்கப்புறம் கை கால் மரத்துப் போகும். சில பேருக்கு கொஞ்ச நேரம் கை கால் வராம போயி தானா சரியாயிடும், "அதான் சரியாயிடுச்சே"ன்னு விட்ருவாங்க. தயவு செஞ்சு விடாதீங்க, அது முன்னறிவிப்பு.

என்ன அறிகுறி இருந்தா சந்தேகப்படணும்?

தம்பி விஷயத்துல முதல்ல தெரிஞ்சது கழுத்து வலி கூட இல்ல. சட்டை பட்டன் போட ரொம்ப நேரம் எடுத்துகிட்டான், கைல பலம் இருக்கு, வாளி தூக்குறான், ஆனா பட்டன ஓட்டைக்குள்ள நுழைக்க வரல, கையெழுத்தும் மாறிப் போச்சு. அப்புறம் நடக்கும்போது செருப்பு கழண்டு விழுந்துரும், பத்தடி தள்ளி போனப்புறம் கால் சுட்டுதான் திரும்பிப் பாப்பான். முதல்ல பாத்த டாக்டர் சத்து குறைவுன்னு மாத்திரை குடுத்தார், மாசக்கணக்குல அதுலயே போச்சு. பின்னாடி நியூரோ டாக்டர் கேட்ட முதல் கேள்வியே "செருப்பு கழண்டா தெரியுதா"ங்கிறதுதான். கழண்டது தெரிஞ்சா பலம் கம்மி, தெரியவே இல்லைன்னா உணர்ச்சி கம்மி, அந்த ஒரு பதில்லயே அவருக்கு நிறைய புரியுது.

பொதுவா வர்றது என்னன்னா, கழுத்துக்கு பின்னாடி மண்டையோட்டு அடில வலி, கழுத்து ஒரு பக்கமா சாஞ்சே இருக்கறது, திருப்ப முடியாம இறுக்கமா இருக்கறது, கால் விறைச்சுகிட்டு நடை மாறிப் போறது, குனிஞ்சா முதுகு வழியா ஷாக் அடிச்ச மாதிரி இறங்குறது, கை கால் மரத்துப்போறது. மூளைத்தண்டு நெருக்கப்பட்டா முழுங்க கஷ்டம், தண்ணி குடிச்சா புரையேறும், குரல் மாறும், மூக்கால பேசுற மாதிரி இருக்கும், தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும், கண்ணு கீழ்நோக்கி துள்ளித் துள்ளி அடிக்கும். கழுத்த திருப்பினா தலைசுத்தல் வர்றதும் இருக்கு, சி1 பின்வளையத்து மேல சுத்திப் போற முதுகெலும்பு ரத்தக்குழாய் மடங்கறதால.

கைக்குழந்தைங்க சொல்ல மாட்டாங்க. அடிக்கடி புரையேறுறது, தூக்கத்துல மூச்சு விட்டு விட்டு வர்றது, உடம்பு தொளதொளன்னு இருக்கறது, எட்டு வைக்க வேண்டிய வயசுல வைக்காம இருக்கறது, இல்ல நல்லா நடந்துட்டு இருந்த குழந்தை திடீர்னு தூக்கச் சொல்லி அழறது, இதெல்லாம் கவனிங்க. அகாண்ட்ரோபிளேசியா குழந்தைங்களுக்கு ஃபொராமென் மேக்னமே குறுகலா இருக்கும், முதல் ரெண்டு வயசுல தூக்கத்துல மூச்சு நிக்கிற ஆபத்து உண்மையிலயே இருக்கு, அவங்களுக்கு ஸ்லீப் ஸ்டடியும் எம்ஆர்ஐயும் எப்பன்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

இருமினா தும்மினா பின்னந்தலை வலிக்குது, இது கியாரியா?

இருக்கலாம். இருமல், தும்மல், முக்கறது, பலமா சிரிக்கறது இதோட சேந்து பின்னந்தலைல சில நொடியோ சில நிமிஷமோ வெடிக்கிற மாதிரி வலி வந்தா அது கியாரியோட ரொம்ப குறிப்பான அடையாளம். நாள் பூரா இருக்குற நெத்தி வலி, ஒத்தை தலைவலிக்கெல்லாம் கியாரிய காரணம் சொல்ல முடியாது, ஸ்கேன்ல டான்சில் கொஞ்சம் இறங்கியிருந்தாலும் கூட. இந்த வித்தியாசம் முக்கியம், ஏன்னா தப்பான தலைவலிக்கு ஆபரேஷன் பண்ணா தலைவலி போகாது.

ரிப்போர்ட்ல மில்லிமீட்டர்ல போட்ருக்காங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?

ஏடிஐன்னு ஒண்ணு இருக்கும், சி1 முன்வளையத்துக்கும் ஓடன்டாய்டுக்கும் நடுவுல இருக்குற இடைவெளி. பெரியவங்களுக்கு 3 மில்லிமீட்டர், குழந்தைங்களுக்கு 5 மில்லிமீட்டர் வரைக்கும் நார்மல், அதுக்கு மேல போனா மூட்டு தளந்திருக்குன்னு சந்தேகம். சேம்பர்லைன் கோடுன்னு ஒண்ணு, வாயோட மேலண்ணத்து எலும்போட பின் நுனில இருந்து ஃபொராமென் மேக்னத்தோட பின் விளிம்பு வரைக்கும் மனசுல போடுற கோடு, ஓடன்டாய்ட் நுனி அத தாண்டி 5 மில்லிமீட்டருக்கு மேல ஏறியிருந்தா பேசிலர் இன்வேஜினேஷன்னு பொதுவா எடுத்துக்கறாங்க. கியாரில முதல் வகையான கியாரி 1க்கு டான்சில் 5 மில்லிமீட்டரோ அதுக்கு மேலயோ கீழ இறங்கியிருக்கணும்.

ஆனா எண்ண மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. 12 மில்லிமீட்டர் இறங்கியிருந்தும் எந்த தொந்தரவும் இல்லாதவங்க இருக்காங்க, 6லயே பெரிய சிரிங்ஸ் வந்தவங்களும் இருக்காங்க. ரிப்போர்ட்ட கைல வச்சுட்டு டாக்டர்கிட்ட நீங்க கேக்க வேண்டியது ரெண்டே விஷயம்: தண்டுவடமோ மூளைத்தண்டோ நெருக்கப்பட்டிருக்கா? கழுத்து அசையும்போது மூட்டு நகருதா, உறுதியா இருக்கா? இந்த ரெண்டுக்கும் பதில் தெரிஞ்சா மத்த பேரெல்லாம் எவ்ளோ பயமுறுத்தினாலும் நிலைமை என்னன்னு புரிஞ்சுரும்.

என்ன ஸ்கேன் எடுக்கணும்? எம்ஆர்ஐ ஒண்ணு போதாதா?

போதாது. எம்ஆர்ஐ தண்டுவடத்த காட்டும், எங்க நெருக்குது, உள்ள நிறம் மாறியிருக்கா, சிரிங்ஸ் இருக்கான்னு. எலும்போட அமைப்புக்கு மெல்லிசா வெட்டி எடுத்த சிடி வேணும், 3டில திருப்பிப் பாத்தா எந்த எலும்பு எங்க ஒட்டியிருக்குன்னு தெளிவா தெரியும். மூட்டு நகருதான்னு பாக்க குனிஞ்சும் நிமிந்தும் எடுக்கிற டைனமிக் எக்ஸ்ரேவோ சிடியோ. படுத்துகிட்டு எடுத்த ஒரு ஸ்கேன்ல மூட்டு சரியா உக்காந்திருக்குற மாதிரி தெரியும், குனிஞ்சா நகந்துரும், அதனால அசைவுப் படம் இல்லாம "நார்மல்"னு முடிவுக்கு வரக்கூடாது. அந்தப் படம் எடுக்கும்போது நோயாளி தானா வலிக்காத அளவுக்கு குனிஞ்சு நிமிரணும், வேற யாரும் தலைய புடிச்சு தள்ளக்கூடாது.

ஆபரேஷன்னு முடிவானா சிடி ஆஞ்சியோவும் எடுப்பாங்க. எலும்பு மாறியிருக்குற இடத்துல ரத்தக்குழாயும் வழி மாறி ஓடும், ஸ்க்ரூ போடற பாதைல குறுக்க இருந்தா முன்கூட்டியே தெரியணும். "எதுக்கு இத்தன ஸ்கேன், காசு பிடுங்குறாங்க"ன்னு நினைக்காதீங்க, இது ரொம்ப அவசியமானது.

டவுன் சிண்ட்ரோம் குழந்தைக்கு கழுத்து எக்ஸ்ரே கட்டாயமா?

டவுன் சிண்ட்ரோம்ல தசைநாரே தளர்வா இருக்கும், 10ல இருந்து 20 சதவீதம் பேருக்கு எக்ஸ்ரேல சி1-சி2 தளர்வு தெரியும், ஆனா அறிகுறி வர்றது 1, 2 சதவீதம்தான். முன்னாடி எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தாங்க, 2011ல அமெரிக்க குழந்தைகள் நல மருத்துவ அமைப்பு அறிகுறி இல்லாத குழந்தைக்கு வழக்கமா எடுக்க வேணாம்னு சொல்லிருச்சு, ஏன்னா இன்னிக்கு நார்மலா இருந்தா நாளைக்கும் இருக்கும்னு அந்த எக்ஸ்ரே சொல்லாது, 3 வயசுக்கு முன்னாடி எலும்பே முழுசா தெரியாது. அதுக்கு பதிலா ஒவ்வொரு தடவ செக்கப்லயும் நடை, கை உபயோகம், கழுத்து, யூரின் கன்ட்ரோல் மாறியிருக்கான்னு டாக்டர் பாக்கணும், வீட்லயும் பாக்கணும். மாற்றம் தெரிஞ்சா உடனே எக்ஸ்ரே. டிராம்போலின், குட்டிக்கரணம், தலைகீழா குதிக்கிற விளையாட்டுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

கிளிப்பல் ஃபைல்னு சொல்லிட்டாங்க, கழுத்த மட்டும் பாத்தா போதுமா?

போதாது. கிட்னிக்கு ஒரு அல்ட்ராசவுண்ட், இதயத்துக்கு எக்கோ, காது கேக்குற டெஸ்ட், முதுகு வளைவுக்கு எக்ஸ்ரே, இந்த நாலும் ஒரு தடவ கட்டாயம் பாக்கணும். கரு வளர்ற அதே நேரத்துல இதெல்லாமும் உருவாகறதால சேந்து பாதிக்கப்படலாம். தோள்பட்டை ஒண்ணு மேல தூக்கி இருக்கறதும் இதோட வரும். காது விஷயத்த நிறைய பேர் விட்டுர்றாங்க, குழந்தை பேச்சு லேட் ஆகுதுன்னு வேற எங்கெங்கயோ அலைவாங்க.

எந்த அறிகுறியும் இல்ல, தற்செயலா தெரிஞ்சுது. ஆபரேஷன் வேணுமா?

மூட்டு உறுதியா இருந்து, நெருக்கமும் இல்லைன்னா வேணாம். டாக்டர் சொல்ற இடைவெளில போய் காட்டிக்கிட்டு, கழுத்துக்கு ஆபத்தான விளையாட்ட விட்டுட்டு, சாதாரணமா வாழலாம். ஆனா அறிகுறி இல்லாமலே மூட்டு நிறைய நகருது, தண்டுவடத்துக்கு இருக்குற இடம் குறைஞ்சு போச்சுன்னா பல சர்ஜன்கள் முன்கூட்டியே சரி பண்ணிக்கச் சொல்வாங்க, ஏன்னா ஒரு சின்ன விபத்துல கை கால் போயிடலாம். இங்க ரெண்டாவது டாக்டர்கிட்டயும் கருத்து கேளுங்க, தப்பே இல்ல, நல்ல சர்ஜன் அதுக்கு கோச்சுக்க மாட்டார்.

காலர் போட்டா, பிசியோ பண்ணா சரியாகாதா?

எலும்பு அமைப்பு மாறாது. காலர் கழுத்து அசைவ குறைச்சு ஆபரேஷன் வரைக்கும் பாதுகாப்பா வச்சிருக்கும், அவ்ளோதான். பிசியோ ரொம்ப முக்கியம்தான், கை கால் பலத்துக்கும் நடைக்கும், ஆனா உறுதியில்லாத கழுத்துக்கு கழுத்துப் பயிற்சி கூடாது.

மசாஜ், கழுத்து சொடுக்கு எடுக்கறது, கைரோபிராக்டிக்?

கூடவே கூடாது. சி1-சி2 தளந்திருக்கும்போது யாராவது தாடைய புடிச்சு வெடுக்குன்னு திருப்பினா அந்த ஒரு நொடில தண்டுவடம் நசுங்கலாம், ரத்தக்குழாய் கிழிஞ்சு பக்கவாதம் வரலாம். "எனக்கு பழக்கமானவர், நல்லா பண்ணுவார்"னு சொல்றவங்ககிட்ட கெஞ்சிக் கேக்குறேன், ஸ்கேன் பாக்காம யாரையும் கழுத்துல கை வைக்க விடாதீங்க. நீங்களே நெட்டி முறிக்கிறதையும் நிறுத்துங்க. தலைகீழா நிக்கிற ஆசனமும் வேணாம்.

ஆபரேஷன்ல என்னதான் பண்ணுவாங்க?

பிரச்சனை என்னங்கிறத பொறுத்து மாறும். நகந்த எலும்ப திரும்ப இடத்துக்கு கொண்டு வர முடியுமாங்கிறதுதான் முதல் கேள்வி. சில பேருக்கு தலைல ரெண்டு பக்கமும் பிடிமானம் போட்டு எடை தொங்கவிட்டு இழுப்பாங்க, டிராக்ஷன்னு பேரு. கேக்கவே பயமா இருக்கும், ஆனா மரத்துப்போற ஊசி போட்டுதான் பண்றாங்க, நோயாளி முழிச்சுகிட்டு பேசிட்டே இருப்பாங்க.

ஏஏடிக்கும் பேசிலர் இன்வேஜினேஷனுக்கும் இப்ப பரவலா பண்றது பின்கழுத்து வழியா சி1லயும் சி2லயும் ஸ்க்ரூ போட்டு ராடோ பிளேட்டோ வச்சு இணைக்கிறது. இந்த முறைய மும்பைல அதுல் கோயல் 1994ல எழுதினார், 2001ல ஜெர்மனியோட ஹார்ம்ஸ் ஸ்க்ரூ ராடா மாத்தி எழுதினார், உலகம் பூரா கோயல்-ஹார்ம்ஸ் முறைன்னே சொல்றாங்க. முன்னெல்லாம் மேல ஏறின ஓடன்டாய்ட வாய் வழியா போய் வெட்டி எடுத்துட்டு, அப்புறம் பின்னாடி திருப்பிப் போட்டு இணைப்பாங்க, ரெண்டு பெரிய ஆபரேஷன். 2004ல கோயல் சி1-சி2 மூட்டுகள பின்னாடி இருந்தே விரிச்சு இடையில ஸ்பேசர் வச்சா ஓடன்டாய்ட் தானா கீழ இறங்குதுன்னு காட்டினார், அதுக்கப்புறம் வாய் வழியா போக வேண்டியவங்க ரொம்ப குறைஞ்சுட்டாங்க. இன்னமும் தேவைப்படுறவங்களுக்கு மூக்கு வழியா எண்டோஸ்கோப்லயும் பண்றாங்க.

ஸ்க்ரூ தற்காலிகப் பிடிப்புதான், நிரந்தரமா பிடிக்கறது எலும்பு ஒட்டறதுதான். அதுக்கு இடுப்பெலும்புல இருந்தோ விலா எலும்புல இருந்தோ எடுத்து வைப்பாங்க, அந்த இடுப்பு வலி சில பேருக்கு கழுத்து வலிய விட ஜாஸ்தியா இருக்கும், முன்னாடியே தெரிஞ்சா பயப்பட மாட்டீங்க.

கியாரி மட்டும் இருந்து எலும்பு உறுதியா இருந்தா ஃபொராமென் மேக்னத்துக்கு பின்னாடி எலும்ப கொஞ்சம் எடுத்து இடம் பண்ணிக் குடுப்பாங்க, தேவைப்பட்டா மூளை உறையையும் விரிச்சு ஒட்டுப் போடுவாங்க. ஆனா கியாரியோட ஏஏடியும் இருந்து அத கவனிக்காம வெறும் எலும்ப மட்டும் எடுத்தா தளர்வு இன்னும் மோசமாகும். அதனால கியாரி ஆபரேஷனுக்கு முன்னாடி "சி1-சி2 உறுதியா இருக்கா, பாத்தீங்களா"ன்னு கட்டாயம் கேளுங்க.

ஆபத்து எவ்ளோ?

சின்ன ஆபரேஷன் இல்ல, அத மறைக்க மாட்டேன். ரத்தக்குழாய் அடிபடறது, நரம்பு பலவீனம் கூடறது, மூளை நீர் கசியறது, இன்ஃபெக்ஷன், ஸ்க்ரூ தளர்றது, எலும்பு ஒட்டாம போறது, மூச்சுக்கு வென்டிலேட்டர் கொஞ்ச நாள் தேவைப்படறது, இதெல்லாம் நடக்கலாம். ஆபரேஷன் முன்னாடி எவ்ளோ பாதிப்பு இருந்துச்சுங்கறதுதான் பெரும்பாலும் முடிவ தீர்மானிக்குது. நடந்து போய் அட்மிட் ஆனவங்களுக்கும், மூச்சே திணறி வர்றவங்களுக்கும் ரிஸ்க் ஒண்ணு இல்ல. தள்ளிப்போடறதும் ஒரு ரிஸ்க்னு கணக்குல வச்சுக்கோங்க. சர்ஜன்கிட்ட இந்த ஆபரேஷன அவர் எவ்ளோ பண்ணியிருக்கார், நரம்ப கண்காணிக்கிற நியூரோமானிட்டரிங் வசதி இருக்கான்னு நேரடியாவே கேக்கலாம்.

அதுக்கப்புறம் கழுத்த திருப்பவே முடியாதா?

திருப்பலாம், ஆனா கம்மியா. சி1-சி2 இணைச்சா பக்கவாட்டுத் திருப்பத்துல கிட்டத்தட்ட பாதி போயிடும், மண்டையோட்டோட சேத்து இணைச்சா தலையாட்டறதும் நிறைய குறையும். ஏற்கனவே எலும்பு ஒட்டி அசைவு கம்மியா இருந்தவங்களுக்கு பெரிசா வித்தியாசம் தெரியாது. தம்பி இப்ப பின்னாடி கூப்பிட்டா உடம்போட திரும்பறான், வண்டி ஓட்ட டாக்டர் அனுமதி குடுத்தப்புறம் பெரிய கண்ணாடியா மாட்டிகிட்டான், பழகிருச்சு.

வேற ஏதாவது ஆபரேஷனுக்கு போனா இத சொல்லணுமா?

முதல் வார்த்தையே இதுவா இருக்கட்டும். பல் டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. மயக்கம் குடுக்கும்போது தொண்டைல டியூப் போட தலைய பின்னாடி சாய்ப்பாங்க, தளந்த கழுத்துக்கு அது ஆபத்து. தெரிஞ்சா அனஸ்தீசியா டாக்டர் தலைய அசைக்காம வீடியோ கருவி வச்சோ மெல்லிசான ஃபைபர் ஆப்டிக் ஸ்கோப் வச்சோ போடுவார். ஃபோன்ல ரிப்போர்ட்ட ஒரு ஃபோட்டோ எடுத்து வச்சுக்கோங்க, பர்ஸ்ல ஒரு சீட்டும் இருக்கட்டும். கர்ப்பமா இருந்தா பிரசவ டாக்டர், நியூரோ டாக்டர், அனஸ்தீசியா டாக்டர் மூணு பேரும் முன்கூட்டியே பேசி முடிவு பண்ணணும், கடைசி நேரத்துல இல்ல.

எப்ப உடனே எமர்ஜென்சிக்கு போகணும்?

கை கால் திடீர்னு பலம் குறைஞ்சா, விழுந்தப்புறம் கொஞ்ச நேரம் மரத்துப்போய் சரியானா கூட, மூச்சு திணறினா, முழுங்க முடியாம போனா, யூரின் மோஷன் கன்ட்ரோல் போனா. கழுத்த அசைக்காம, காலர் இருந்தா போட்டு, இல்லைன்னா ரெண்டு பக்கமும் துணிய உருட்டி வச்சு படுக்க வச்சே கொண்டு போங்க, ஆம்புலன்ஸ்ல வர்றவங்ககிட்ட "கழுத்து சி1-சி2 பிரச்சனை இருக்கு"ன்னு ஏத்தறதுக்கு முன்னாடியே சொல்லுங்க.

குணமாக எவ்ளோ நாள் ஆகும்?

எலும்பு ஒட்ட மூணுல இருந்து ஆறு மாசம் சாதாரணமா ஆகும், அது வரைக்கும் டாக்டர் சொன்ன மாதிரி காலர், பாரம் தூக்காம இருக்கறது, நடுநடுவுல எக்ஸ்ரேவோ சிடியோ. நரம்பு திரும்பறது அத விட மெதுவா, ஒரு வருஷத்துக்கு மேல கூட கொஞ்சம் கொஞ்சமா முன்னேற்றம் வரும், விறைப்பு முழுசா போகாமயும் இருக்கலாம். குழந்தைங்களா இருந்தா வளர்ந்து முடியற வரைக்கும் தொடர்ந்து பாக்கணும், ஏன்னா இணைச்ச எலும்புக்கு கீழ இருக்குற கழுத்து வளைவு மாறலாம். பெரியவங்களுக்கும் இணைப்புக்கு கீழ இருக்குற மூட்டு சீக்கிரம் தேய வாய்ப்பு இருக்கு, அதனால சில வருஷம் கழிச்சு புதுசா கை வலியோ மரப்போ வந்தா பழைய ஸ்கேன் எல்லாத்தையும் எடுத்துகிட்டு, முடிஞ்சா படங்கள் இருக்குற டிஸ்க்காவே, அதே சர்ஜன்கிட்ட போய் காட்டுங்க.